குவாங்கின் சுத்த மூலிகைக் களிம்பு

குவாங்கின் களிம்புக்குச் சந்தைத் தெருவில் தனி மரியாதை. படை, சிரங்கு எதுவானாலும் இரண்டே நாளில் அடங்கும். மூன்று தலைமுறைக் கைப்பக்குவம் என்று பலகை வேறு. அப்பா காய்ச்சிய களிம்பில் குணம் தெரிய ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்; இன்று யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் மனிதர் கமுக்கமாக ஸ்டீராய்டைக் கலந்து, ‘சுத்த மூலிகை’ என்று ஒட்டி விற்றார்.

எதிர்வீட்டு ஷியாவ்லூவின் மகனுக்குக் கழுத்தில் படை வந்தபோதும் அதையே கொடுத்தார். இன்று அவனுக்கு முதல் பிறந்தநாள். பேனா, மணிச்சட்டம், கரண்டி என்று பாயில் பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறானோ அதுதான் அவன் பிழைப்பு என்று பார்க்கும் நாள். குவாங்கைக் கௌரவிக்க, ஷியாவ்லூ களிம்பு டப்பாவையும் நடுவில் வைத்திருந்தாள்.

தவழ முடியாமல் பொத்தென்று உட்கார்ந்த பிள்ளை, டப்பாவைத்தான் பிடித்தான். வீடே கைதட்டியது.

“குவாங் அண்ணே, ஒங்க கடைக்கு வாரிசு வந்துட்டான்!” என்றான் பிள்ளையின் அப்பா.

“கன்னத்தப் பாரேன், ஆவியில வெந்த பன்னு கணக்கா! அதிர்ஷ்டக்காரப் பய,” என்றாள் அத்தை.

குவாங்கும் பார்த்தார். உப்பிய முகம், நெற்றியெல்லாம் பூனைமயிர். இது கொழுப்பு இல்லை, தான் கலந்த மருந்தின் வேலை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“லூ, இனிமே அதப் போடாதம்மா,” என்று அவள் காதோரம் முணுமுணுத்தார்.

“நல்லாருக்கே கதை! ஒரு நாள் விட்டாலும் திரும்ப வந்துருதுண்ணே. வேற எடத்துலயும் வந்துடக் கூடாதுன்னு தெனம் குளிப்பாட்டி, கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் தடவிட்டுத்தான் தூங்க வைக்கிறேன்.”

அவ்வளவா! அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அங்கே என்ன தடவினீர்கள் என்று கேட்பார்கள். அப்போதும் அந்த வெட்கங்கெட்ட மனசு, தெருவுக்குத் தெரியாமல் சமாளிக்க வழி தேடியது. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

எழுந்து நின்றார்.

“அது சுத்த மூலிகை இல்ல. ஸ்டீராய்டு கலந்திருக்கேன். பிள்ளைக்கு மொகம் வீங்கிக் கெடக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. நானே வந்து டாக்டர்கிட்ட சொல்றேன்.”

அப்பன்காரன் பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்த அடி விழுந்திருந்தால் குவாங்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஷியாவ்லூ கத்தவில்லை. உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

“இந்தக் கையாலதானேண்ணே தெனமும் தடவுனேன்?”



பிள்ளை அவளைப் பார்த்துக் கைநீட்டினான். தூக்கக் குனிந்தவள், தொடப் பயந்து கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“நீங்க தூக்குங்க,” என்றாள் புருஷனிடம்.