எட்டு வாரம் முந்திய பனி

நத்தாருக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கும்போது, கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் எங்கள் கடை வாசலில் பனி கொட்டியது. கொட்டியவன் நான்தான்.

முப்பத்துநாலாம் வருஷம். பனி என்றால் பஞ்சு. கொழும்பிலிருந்து சுருள் சுருளாக வருவித்து, பிய்த்து, நூலில் கோத்துத் தோரணமாக விட்டேன். நிலைக்கு மேலே வெள்ளை மஸ்லின் துணியை மேகம் மாதிரி மடிப்பு மடிப்பாக இறக்கினேன். மினுங்க வேண்டுமே என்று அப்பிரகத்தை உரலில் இடித்துத் தூளாக்கி எல்லாவற்றின் மேலும் தூவினேன். பனி விழுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிஸ்கட் டின் மூடியில் இருந்த படம்தான். வியாபாரிக்கு அது போதும்.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் எதிர்க்கடை ஹாஜியார். போன வருஷம் அவர் கிறிஸ்மஸ் மரத்தில் கட்டுகிற கண்ணாடிக் குண்டுகளையும் பொம்மைகளையும் எங்களுக்கு மூன்று நாள் முந்தி வெளியே வைத்துவிட்டார். பத்து வருஷமாக எங்கள் படியேறிய ஹந்தானைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானிமார் அந்த மூன்று நாளில் வீதியின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். இந்த முறை அவர் கார்த்திகையில் வைப்பார் என்றால் நான் ஐப்பசியில் வைக்கிறேன் என்று முடிவு கட்டினேன். இப்படியே போனால் ஒரு காலத்தில் நத்தார் முடிந்த மறுநாளே அடுத்த நத்தாருக்குக் கடையைச் சோடிக்க வேண்டி வரும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், பயந்திருக்க மாட்டேன். நல்ல யோசனை என்று மனசில் போட்டு வைத்திருப்பேன்.

கடை என் நானா நஸீமுடையது. நான் தம்பி, கூட நின்று வியாபாரம் பார்க்கிறவன். நானா அந்தக் கிழமை மேல்மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்தார். அது காய்ச்சல் வருஷம். மழை பொய்த்து, மகாவலி கங்கை குட்டை குட்டையாகத் தேங்கி, நுளம்பு பெருத்துக் கிடந்தது. எந்த வீதியில் நடந்தாலும் எங்காவது ஒரு வாசலில் சாவு வீடு என்று வெள்ளைக் கொடி தொங்கும். நானாவுக்குக் கொயினா கொடுத்து, அன்றைக்குத்தான் உடம்பு கொஞ்சம் தணிந்திருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தவர், வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, சேலையெல்லாம் எங்கடா?"

"உள்ளுக்கு. அலுமாரிக்குப் பின்னால."

"தீபாவளி இன்னும் வரல்ல. நோன்புக்குப் பிறை காணல்ல. அதுக்குள்ள நத்தாரை இறக்கிட்டியா? மூக்கையா கங்காணி வந்தா எதைக் காட்டுவாய்? பஞ்சையா?"

"கங்காணி பதினொரு வருஷமா வாறார் நானா. அவருக்கு வழி தெரியும். துரைசானிக்குத்தான் வழி காட்டணும்."

நானா மஸ்லினைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய தூளைக் கம்பளியில் துடைத்தார்.

"இதைப் பார்த்தா கடை மாதிரித் தெரியல்லடா," என்றார். குளிர் எடுக்கவே மறுபடி மேலே போய்விட்டார்.

காய்ச்சல்காரர் பேச்சு என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் ஒரு துரைசானி கடைக்கு முன்னால் காரை நிறுத்தினாள். அண்ணாந்து பனியைப் பார்த்துச் சிரித்தாள். "றிஸ்வி, எங்கள் ஊரிலேயே இன்னும் பனி விழவில்லை, தெரியுமா?" என்றாள். ஒரு நூற்கட்டைகூட வாங்காமல் போனாள். இருந்தாலும் கார் நின்றது எங்கள் பக்கத்தில்தானே என்று ஹாஜியார் கடையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். அவர் தன் கதிரையில் இருந்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் கடையில் ஒரு பொம்மைகூட வெளியே வரவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு கவலைதான். மதினி ரபீகா நாவலப்பிட்டியில் தாய்வீட்டில் இருந்தார். ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் ஆறாம் மாதத்திலேயே தவறிப்போயின. இந்த முறை மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கெட்ட செய்தி எதுவும் காதில் விழக்கூடாது. நானா தனக்குக் காய்ச்சல் என்பதைக்கூட மறைத்தார். கம்பளிக்குள் இருந்தபடியே, "நான் சுகம்" என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடிதம் எழுதினார்.

மூக்கையா கங்காணியின் தோட்டம் நாவலப்பிட்டிக்கு மேலே இருந்தது. வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கண்டிக்கு வருவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே துணி எங்கள் கடையில்தான். நஸீம் முதலாளி கையால் கிழித்துக் கொடுத்த துணிக்கு ராசி உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. நடைபாதையில் தொங்கும் சிவப்பையும் மஞ்சளையும் மயில் கழுத்து நிறத்தையும் தெரு முனையிலேயே பார்த்துவிட்டு, "மொதலாளி, கலர் கண்ணைப் பறிக்குதுங்களே!" என்று கத்திக்கொண்டேதான் வருவார். அந்த வருஷம் ஞாயிறன்றும் துரை வேலை வைத்துவிட்டார். அதனால் கங்காணி வெள்ளிக்கிழமை வந்தார். வெள்ளிக்கிழமை அவர் கண்டிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானம் அவர் கண்டதைப் பின்னால் அவரே எனக்குச் சொன்னார்.

தெரு முனையில் நின்று பார்த்திருக்கிறார். தீபாவளிக்கு நாலு நாள் இருக்க, கடை வாசலில் ஒரு சேலை இல்லை. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. நிலை முழுக்க வெள்ளைத் துணி, வெள்ளைத் தோரணம். ஜும்ஆவுக்காகக் கடைப் பலகைகளில் பாதியைப் பூட்டியிருந்தோம். அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பதினைந்து இருபது பேர் எங்கள் வாசலில் கூடிப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டோம். நடுவில் நான். காலையிலிருந்து ஒரு வியாபாரமும் ஆகாத எரிச்சலில் என் முகம் தொங்கிப்போயிருந்தது. நஸீம் முதலாளி மட்டும் கூட்டத்தில் இல்லை. அவருக்குக் கடுங் காய்ச்சல் என்று வரும் வழியில் ரயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

வந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "எப்புடிங்க வர்றது?" என்றார். "தீவாளித் துணி எடுக்கக் கெளம்பிட்டு எழவு வீட்டு வாசப்படிய மிதிச்சா, அந்தத் துணிய எந்தப் புள்ள உடுத்தும்? நூத்திச் சொச்சம் பேருக்கு எடுக்குற துணிங்க."

நின்ற இடத்திலேயே தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் பதினொரு வருஷத்துப் பழக்கம், துக்கம் கேட்காமல் விட மனசு வரவில்லை. நாவலப்பிட்டியில் இறங்கியதும் நேரே நானாவின் மாமனார் மஹ்மூத் மாமாவின் கடைக்குப் போனார். அங்கே சனத்துக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதார்.

"நம்ம நஸீம் மொதலாளி இப்புடிப் பாதியில போயிட்டாரே!"

அன்று பின்னேரம் நான் கடையில் இருந்தபோது தந்திக்காரன் வந்தான். நானா சற்றுத் தெம்பாகிக் கீழே வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். தந்தியை அவரே வாங்கிப் பிரித்தார். ஒரு முறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். என் பெயருக்குத்தான் வந்திருந்தது. "நஸீம் அடக்கத்தைப் பொறுத்து வைக்கவும். புறப்படுகிறோம். மஹ்மூத்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். "பொறுத்து வைக்கத்தானே சொல்றாங்க நானா, உங்களுக்கு அவசரமா?" என்றேன்.

நானா சிரிக்கவில்லை. அவர் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. மஸ்லினைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். கங்காணி எதைக் கண்டிருப்பார் என்பது அந்த ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

"ரபீகா," என்றார்.

என் சிரிப்பு அங்கேயே நின்றது.

பதில் தந்தி அடித்துவிட்டு வாடகைக் கார் பிடித்தோம். பேராதனை தாண்டும் வரை நானா இருக்கையின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பளிக்குள் அவர் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. கம்பளைப் பாலத்தில் எதிரே வந்த கார் ஒன்று ஹார்ன் அடித்தது. நான் தலையை வெளியே நீட்டினேன். மஹ்மூத் மாமா! இரண்டு கார்களும் நின்றன. மாமா இறங்கி வந்து எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தவர், அப்படியே பாலத்தின் ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"மகன்... நீயா?"

"நான்தான் மாமா. ரபீகாக்குச் சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லல்ல. மாமிக்கிட்டயும் வாயத் தெறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். ஆனா மகன், அந்தக் கங்காணி அழுத அழுகைக்கு... நாவலப்பிட்டி முழுக்கத் தெரியும்."

அதற்குப் பிறகு காரோட்டி எவ்வளவு வேகமாக ஓட்டியும் எனக்கு மாட்டுவண்டியில் போவது போலவே இருந்தது.

எங்கள் தந்தி இன்னும் வந்து சேரவில்லை; மாமா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பெண்கள் ஓதும் சத்தம். நானாவைக் கண்டதும் முன்னால் இருந்தவர்கள் ஓதலை நிறுத்தினார்கள், ஒருத்தி வீறிட்டாள். நடு அறையில் கைரியா மாமியின் மடியில் மதினியின் வளையல்கள் கழற்றிக் கிடந்தன. மடித்த வெள்ளைச் சேலை ஒன்று பக்கத்தில் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டே உள்ளே ஓடி வந்தாளாம். அவள் வாயை யாரும் பொத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மருத்துவிச்சி. வலி கண்டு ஒரு மணி நேரமாகிவிட்டது.

நானா கதவில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார். "ரபீகா! நான்தான். எனக்கு ஒண்டுமில்ல. நான் ஈக்கிறேன்."

உள்ளே முனகல் நின்றது. மதினியின் குரல் வந்தது.

"அப்ப யாரு மௌத்தானது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். என் ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. அழுகை என்று சொல்ல முடியாது. பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் இரண்டு தடவை வந்தது. மருத்துவிச்சி வெளியே வந்து எங்களைப் பார்த்தாள்.

"சூடு நிக்கணும். தலையில இருந்து கால் வரைக்கும் பஞ்சில சுத்தி வைக்கணும், நனைய நனைய மாத்தணும். நாப்பது நாள் தாண்டினாத்தான் சொல்லலாம். என்கிட்ட இருக்கிறது விடியும் வரைக்கும் போதும். இந்தக் காய்ச்சலில இங்க ஆஸ்பத்திரியிலயும் பஞ்சு இல்ல."

"பஞ்சு," என்றார் நானா. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விடிந்ததும் முதல் ரயிலில் கண்டிக்கு வந்தேன். கடையைத் திறந்த கையோடு ஏணியைப் போட்டு ஏறி, கொட்டின பனியை இரண்டு கையாலும் அள்ளி இறக்கினேன். சாக்கு நிறைய இருந்தது. ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மினுமினுவென்றது. உதறினேன். ஊதினேன். விரலால் பிய்த்துப் பிய்த்துப் பொறுக்கினேன். அப்பிரகத் தூள் நார் நாராக ஏறியிருந்தது. ஊசி முனை மாதிரிச் சில்லுகள். நேற்றுப் பிறந்த தோலில் இதையா சுற்றுவது? பிரிக்காத சுருள் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் அத்தனையையும் தொங்கவிட்டிருந்தேன்.

வீதியைக் கடந்தேன். ஹாஜியார் அப்போதுதான் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய நத்தார்ச் சரக்கு உள்ளே பெட்டி பெட்டியாகக் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. நீலக் காகிதம் சுற்றிய பஞ்சுச் சுருள்கள் தட்டு நிறைய.

"என்ன றிஸ்வி, பனி உருகிட்டா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் கழற்றிய பலகையைக் கீழே வைத்தார்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

"எத்தனை மாசம்?"

"ஏழு."

தட்டில் இருந்த சுருள்களை எல்லாம் ஒரு துணியில் போட்டு முடிந்து என் கையில் வைத்தார்.

"விலை சொல்லுங்கோ ஹாஜியார்."

"ரயிலுக்கு நேரமாகுது. ஓடு."

நான் விலைப் பேச்சுக்கு நடுவில் வளர்ந்தவன். எந்தச் சாமானுக்கும் ஒரு விலை சொல்லப்படும், அதைக் குறைக்கலாம் என்பதே என் தொழில். விலை சொல்லாத அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாவலப்பிட்டி வரை உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டேஷனில் மூக்கையா கங்காணி நின்றார். விடிகாலையிலிருந்தே ஒவ்வொரு ரயிலையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். மூட்டையை என் கையிலிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஊரே என்னயக் காறித் துப்புதுங்க. வீட்டுல பேச்சியம்மா சோறு போடல. லயத்துல ஒருத்தருக்கும் துணி எடுக்கல," என்றார். பத்தடி நடந்து, "புள்ள இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"நான் போகும்போது இருந்தது கங்காணி."

வீடு நெருங்க நெருங்க இரண்டு பேரும் நடையைக் குறைத்தோம். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தோம். கேட்டிருந்தால் எங்களுக்குத் திரும்பி ஓடத்தான் தோன்றியிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெல்லிசாக, அந்தப் பூனைக்குட்டிச் சத்தம்.

கங்காணி வாசலோடு நின்றுவிட்டார். நான் மூட்டையை எடுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. மதினி சுவரில் சாய்ந்து இருந்தார். கைகளில் வளையல் இல்லை. மடியில் பழைய துணிக்குள் பிள்ளை. பக்கத்தில் நானா கம்பளியோடு தூங்கிப் போயிருந்தார்.

மூட்டையை அவிழ்த்து நீலக் காகிதத்தைக் கிழித்தேன். உள்ளே பஞ்சு வெறும் வெள்ளையாக இருந்தது. மதினி அதை வாங்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில், ரேகைகளில், சட்டைக் கையில், எங்கும் அப்பிரகம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"கையைக் கழுவிட்டு வா," என்றார்.

கிணற்றடிக்குப் போனேன். மூக்கையா கங்காணி வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து ஊற்றினார். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன்.

"போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னும் ஊத்துங்க," என்றேன்.