ஒரு மூத்தவனுக்கு இருபத்தேழு பேர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. கேட்டு வாங்கினேன், விற்றேன், இப்போது எழுதுகிறேன். சரக்கு என் நண்பர் யேசுதாஸுடையது. அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிறானால் ஒரு சின்னச் சபையில் பிரசங்கம் செய்வார். நான் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்காரன். எண் என்றாலே எதிராளி குறைப்பதற்காகச் சொல்லப்படுவது என்று நம்பும் பரம்பரை.

(முதலில் அவரைப் பக்கத்து ஊரான திருப்பருத்திக்குன்றத்துச் சமணராக மாற்றிப் பார்த்தேன், அடையாளம் தெரியக் கூடாதென்று. 'பழைய சுவடியில் சொல்லியிருக்கும் ஜனத்தொகையை' என்று தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே நிற்கிறது. ஒருவரை ஒளிக்க இன்னொருவர் கோயிலுக்குள் நுழைவதா?)

2

ஒரு மத்தியானம் மனைவி காந்தாவோடு வந்தார். காந்தா பிரசவ வார்டு நர்ஸ்.

"உன்னாண்டதான் கேக்க முடியும்பா. நம்பர எப்பிடி ஏத்துவாங்கன்னு உனக்குத்தானே தெரியும்," என்றார் யேசுதாஸ்.

விஷயம் பைபிளில் வருவது. எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த இஸ்ரவேலரை மோசே எண்ணுகிறார். இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டும் ஆறு லட்சத்துச் சொச்சம். பிறகு, கைக்குழந்தை முதல், தாய்க்கு மூத்த ஆண்பிள்ளைகளை எண்ணுகிறார். இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

"வகுத்துப் பாரு. ஒரு மூத்தவனுக்கு இருவத்தேழு ஆம்பள. அப்பன்னா ஒவ்வொரு தாயும் இருவத்தேழு ஆம்பளப் புள்ள பெத்திருக்கணும்."

"இருவத்தேழு! பொண்ணுங்க வேற தனி," என்றார் காந்தா. "பெத்தவளாண்ட ஒரு வார்த்த கேட்டாங்களாமா?"

நான் சிரித்தேன். யேசுதாஸ் சிரிக்கவில்லை.

"அத்தி வரதர் வெளிய வந்தப்ப நம்ம ஊருக்கு எத்தினி பேரு வந்தாங்க?"

"ஒரு கோடி."

"யாரு எண்ணுனது?"

"அது சாமி விஷயம்பா."

"எனக்கும் அதேதான். நம்பிக்கை போவல, நம்பர்தான் போச்சு. வெளிய சொல்லிடாத. சபைப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா பிரசங்கத்த நிறுத்திடுவாங்க. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். எங்கள் வியாபாரத்தில் கையடித்தால் பேச்சு முடிந்தது.

3

அடுத்த வாரம் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து வெள்ளைப் பட்டு கேட்டது. வெள்ளை என்றால் கிறிஸ்தவக் கல்யாணம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். விலை ஒத்துவராமல் எழுந்தார்கள். அவர்களை உட்கார வைக்க நான்

இதை முடிக்க முடியவில்லை. வேறு மாதிரி சொல்கிறேன். அவர்களுக்குப் பிடித்த மாதிரி எதையாவது விரித்துப் போட வேண்டியிருந்தது. இருபத்தேழை விரித்தேன். காந்தா சொன்னதையும் சேர்த்து, குரலை மாற்றி.

சிரித்தார்கள். உட்கார்ந்தார்கள். பெண்ணின் மாமா மட்டும், "நல்லாருக்குதே, யாரு கண்டுபுடிச்சது?" என்றார்.

"பிரசங்கம்லாம் பண்ற நம்ம கணக்கு வாத்தியாரு ஒருத்தரு."

பெயரைச் சொல்லவில்லை.*

* இந்த வரியை முதலில் பெருமையாகத்தான் எழுதினேன். பிரசங்கம் செய்கிற கணக்கு வாத்தியார் இந்த ஊரில் எத்தனை பேர்? இதற்கு வகுக்கவே வேண்டாம்.

4

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அந்த மாமா வேலூர்க்காரர். ஊர் போய் மறந்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அவர் தந்த விலாசம் யேசுதாஸின் சபை இருக்கும் தெரு.

அல்லது, சபைப் பெரியவர்களும் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். போலி ஜரிகை மாதிரி, உரசியதுமே செம்பு தெரிந்தது.

5

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரம். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு யேசுதாஸ் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே பேச வேணாம்னுட்டாங்கபா."

டீ சொன்னேன். வேறென்ன சொல்வது.

"காந்தாவத் திட்டிட்டேன். ஆஸ்பத்திரில யாராண்டயாவது உளறிட்டியான்னு. இல்லவே இல்லன்னு அழுதுக்கினு இருக்குது. நீ கையடிச்சவன், உன்ன நான் கேக்கவே மாட்டேன். வேற யாருபா சொல்லியிருப்பாங்க?"

இந்த இடத்தில் என் வாயில் சில பொய்களை வைத்துப் பார்த்தேன். எல்லாமே இயல்பாக உட்கார்ந்தன. வெட்கம் அதில்தான். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உண்மையை வைத்தால் கை நின்றுவிடுகிறது. மோசேயிடம் பேரம் பேசியவன், இந்த ஒரு வரிக்கு இன்னும் குறைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். ஒரு வீட்டில் காந்தா அழுதுகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டீ வந்துவிட்டது, அவர் இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யேசு, அது வந்து . . . . . . . . . . . . . . . . . ."