பிடி, பார்க்கலாம்

…இல்லை, பலகையில் எழுதினால் படிப்பார்கள், படிக்காமல் எங்கே போய்விடுவார்கள், பஸ் ஓடினால் கண்ணும் கூடவா ஓடிவிடும், இந்தக் கய்யூம் பாய்க்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது, எங்கள் விளம்பர ஆபீஸில் படம் வரைகிறவர் என்பதால் உலகமே படம் பார்க்கத்தான் பிறந்திருக்கிறது என்று நினைப்பு, "ஓடுற பஸ்ல கீறவன் எங்கம்மா படிப்பான்? படத்த பாப்பான், அவ்ளோதான்"… இன்றைக்குப் பத்தரை மணிக்கு மானேஜர் சண்முகசுந்தரம் தீர்ப்புச் சொல்லப்போகிறார், வேங்கை ஷூவின் அடுத்த விளம்பரப் பலகையில் வாசகம் உண்டா, இல்லை வெறும் படமா. வெறும் படம் என்றால் வாசகம் எழுதுகிற இந்தச் சுந்தரவல்லிக்கு அங்கே என்ன வேலை? என் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிடுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது, அதற்காக முகத்தில் காட்டிக்கொள்வேனா? அடையாறில் ஏறும்போதே ஜன்னலோரம் பிடித்தாயிற்று, சைதாப்பேட்டைப் பாலத்துக்கு முன்னால், போன மாதம் வைத்த நம் பலகை வரும், எத்தனை தலை அங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டுதான் தி.நகரில் போய் இறங்குவேன்.

அந்தப் பலகைக்கென்று பம்பாயிலிருந்து வந்த இங்கிலீஷ் வாசகத்தை அப்படியே தமிழாக்கினால் 'நேர்த்தி, உறுதி, நீடித்த உழைப்பு' என்று வந்தது, ஓடுகிற ஷூவுக்கா இரும்பு பீரோவுக்கா இது… கிழித்துப் போட்டேன். அப்பாவின் ஜவுளிக்கடை வாசலில் நின்று கூவுகிறவன் எவனும் நீடித்த உழைப்பு என்று கூவி நான் கேட்டதில்லை. தெருவில் பிள்ளைகள் ஓடும்போது முன்னால் போகிறவன் திரும்பிக் கத்துவானே, அதைத்தான் எழுதினேன், பிடி, பார்க்கலாம்! அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. கய்யூம் பாயோ முழு ஆளையே வரைந்து வைத்திருந்தார், மீசை, மெடல், பின்னால் சூரியன் வேறு, என் எழுத்துக்கு மூலையில் கைக்குட்டை அளவு இடம்! ஆளைத் தூக்குங்கள் என்றேன், எழுத்தைத் தூக்கு என்றார், ஆபீஸே வேடிக்கை பார்த்தது, கடைசியில் மனிதர் கோபத்தில் ஆளை வெள்ளையடித்து அழித்துவிட்டு, பலகையின் ஓரத்தில் ஓடி மறைகிற ஒரே ஒரு காலை மட்டும் விட்டார், ஷூவின் அடிப்பாகம் தெரிய. "இந்தா, உன் எழுத்தையே வச்சி கும்பிடு." ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை, போகட்டுமே, எனக்கென்ன…

யாரோ கத்துகிறார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற தேசம்மா, கூடைக்கும் லக்கேஜ் போட வேண்டும் என்று கண்டக்டர், அதெல்லாம் முடியாது என்று அவள். "புடி பாக்கலாம் ஒண்ணு குடு நைனா, சும்மா பேசிக்கினு நிக்காத." என்ன கேட்டாள்? எதற்கு டிக்கெட் கேட்டாள்? நம் பலகைக்கு எதிரே இருக்கிற ஸ்டாப், போன மாதம் வரை மரக்கடை என்று சொல்லித்தான் எல்லோரும் இறங்கினார்கள்! கண்டக்டரும் ஏன் என்று கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறான், விசிலை ஊதுகிறான், "புடி பாக்கலாம் எல்லாம் எறங்கு, சீக்கிரம்!" நாலைந்து பேர் எழுந்து வரிசையாக வருகிறார்கள், என் வார்த்தையில் இறங்கப்போகிறார்கள், ஐயோ, யாராவது கய்யூம் பாயை இங்கே இழுத்து வாருங்களேன், எவன் படிப்பான் என்றீரே, கேளும் ஐயா கேளும்! எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. வாய் சும்மா இருந்ததா, தேசம்மாவின் முந்தானையைப் பிடித்து நிறுத்தி, "போர்டுல எழுதியிருக்கிறதை நீ படிச்சியா?" என்று கேட்டுவிட்டேன். "எனக்கின்னாம்மா படிப்பு தெரியும்? அந்தக் காலு சொல்லிக்கினே ஓடுதே, நீ பாக்கல?" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ் பாலத்தில் ஏறியது. ஜெயித்துவிட்டேன், சந்தேகமே இல்லை, என் வார்த்தை மீன்கூடையோடு தெருத்தெருவாகப் போகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்… ஆனால் எத்தனை தலை திரும்பியது என்று பார்க்க மறந்துபோனேன், நானே அந்தக் காலைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், நல்ல கால், இவ்வளவு நாளாக என் கண்ணில் படவே இல்லை. கால் சொல்கிறதாமே. பத்தரை மணிக்குக் கண்டக்டர் கூவியதை மானேஜரிடம் சொல்வேன், கய்யூம் பாய் காதுபடவே சொல்வேன். தேசம்மா சொன்னதை… அதையும் சொல்ல வேண்டுமோ?