குடிலுக்கு ஒரு முழத் துணி

பங்குக் கோயில் வாசலில், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதுதான் ரோசரி அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். 'கிறிஸ்துமஸ் வழக்கங்கள் பிறந்த கதை – பேராசிரியர் ஜெபராஜ்.' நின்றபடியே புரட்டினாள். டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதி நற்செய்தியில் எங்கும் இல்லை என்பது, புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் அமைத்த முதல் கிறிஸ்துமஸ் குடில், ஜெர்மானிய வீடுகளிலிருந்து புறப்பட்டு வந்த கிறிஸ்துமஸ் மரம் எல்லாமே அவள் எழுதியவை. பாலக்கரைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே ஆறு வருட விடுமுறைகளில் எழுதியவை. திருத்தித் தருவார் என்று நம்பி ஜெபராஜிடம் நோட்டைக் கொடுத்திருந்தாள். அவள் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே அச்சாகியிருந்தது.

வாசலில் நின்ற ஜெபராஜிடம் நேரே போய்க் கேட்டாள்.

"இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச விஷயந்தானேம்மா. பிரான்சிஸ் அசிசியார் என்ன உங்க வீட்டுச் சொத்தா?" என்று சிரித்தார் ஜெபராஜ். பங்குப் பேரவைச் செயலர் அவர். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு வருடம் அவள் காதில் இருந்தது. கரும்பலகையில் எழுதும்போதுகூடக் கேட்டது.

மறு வருடம் ஆகஸ்டில் அவரே போன் செய்தார். "ரெண்டாம் பதிப்பு வருது டீச்சர். நம்ம ஊர்ப் பக்கத்து வழக்கம் ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா? இந்தத் தடவை முன்னுரையில உங்க பேரைக் கண்டிப்பா போடுறேன்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க சார்."

இரண்டு நாளில் ரோசரி ஒரு வழக்கத்தை உண்டாக்கினாள். முந்நூறு வருடங்களுக்கு முன்பு உறையூர் நெசவாளர்கள் கிறிஸ்துமஸ் அன்று தறியிலிருந்து ஒரு முழம் துணி அறுத்து, குடிலில் கிடக்கும் பாலன் இயேசுவுக்குப் போர்த்துவார்களாம். அதைப் பார்த்த பாதிரியார் ஒருவர் தன் ஊருக்குக் கடிதம் எழுதினாராம். பாதிரியாரும் பொய், கடிதமும் பொய்.

எழுதியதை அவரிடம் கொடுப்பதற்கு முன், ஒரு நகலோடு 'இது முழுக்க என் கற்பனை' என்று கையெழுத்திட்ட தாளையும் உறையில் வைத்து ஒட்டினாள். பங்குக்காரர் யாரும் பார்க்கக்கூடாது என்று ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிப் போய், அங்குள்ள தபால் நிலையத்தில் தன் விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினாள். வந்த உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டினாள்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு மாலை வெளியீட்டு விழா. முன்னுரையில் அவள் பெயர் இல்லை. இருந்திருந்தால் உறையைக் கிழித்துப் போட்டிருப்பாளா? மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"அந்தக் கடிதத்தை நானே தேடிக் கண்டுபிடிச்சேன். இந்தக் கையால தொட்டுப் பார்த்தேன்" என்று மேடையில் கையை உயர்த்திக் காட்டினார் ஜெபராஜ்.

ரோசரி எழுந்து போய்ப் பங்குத்தந்தை அருள்ராஜிடம் உறையைக் கொடுத்தாள். "ஃபாதர், முத்திரைத் தேதியப் பாருங்க. அப்புறம் பிரிச்சு சத்தமா படிங்க."

அவர் மைக்கின் முன் படிக்கத் தொடங்கினார். பாதியில் குரல் தணிந்தது. "முழுசா படிங்க ஃபாதர்" என்றாள் ரோசரி.

ஜெபராஜ் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க... பொய்யா எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா சார். என் உண்மையத் திருடினப்ப ஊரே சிரிச்சுது. இப்ப என் பொய்யத் திருடியிருக்கீங்க. சிரிங்க பார்ப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே ஜெபராஜ் செயலர் பதவியை விட்டார். ரோசரி அன்று மீன் வாங்கிக் குழம்பு வைத்து, ரசித்துச் சாப்பிட்டாள். கொஞ்சமும் உறுத்தவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் குடில் பார்க்கப் போனாள். பாலனின் மேல் ஒரு முழம் பருத்தித் துணி கிடந்தது. பக்கத்தில் இன்னும் மூன்று. ஐந்தாவதை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள் உறையூர்த் தறிக்கார வள்ளிக்கண்ணு. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனால் வருடா வருடம் குடில் பார்க்க வருவாள். அவள் மகள் ரோசரியிடம் படித்தவள்.

"என்ன வள்ளிக்கண்ணு இது?"

"எங்காளுங்க வழக்கமாம் டீச்சர். யாரோ புத்தகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புனாங்க. எங்க மாமனாருகூட சின்ன வயசுல பார்த்திருக்கேன்னு சொல்றாரு. ஜெபராஜ் சாருன்னு ஒருத்தராமே, அவருதான் கண்டுபிடிச்சாராம். அவரு நல்லா இருக்கணும்."

ரோசரிக்குக் காது சூடேறியது. அது வழக்கமே இல்லை, வெறும் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அவர் இல்ல. நான் கண்டுபிடிச்சேன்" என்றாள்.

"நீங்களா டீச்சர்? அப்போ நிஜமாத்தான் இருக்கும்" என்று கும்பிட்டாள் வள்ளிக்கண்ணு.

ரோசரியும் பதிலுக்குக் கும்பிட்டாள்.