விரிசலுக்கு வந்த விருந்தாளிகள்

அல்ஜதீதா கோட்டைக்குள் குடியிருப்பவர்களுக்குப் பெருமை கொஞ்சம் உண்டு, வயிற்றெரிச்சல் அதைவிட அதிகம். அவர்கள் வீட்டுச் சுவர் உலகப் பாரம்பரியச் சின்னமாம், உலகத்துக்கே சொந்தமாம். அதில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் உலகத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

சுஹூர் மூன்று மழைக்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் பக்கத்துக் கொத்தளத்தை ஒட்டிய வீடு அவளுடையது. கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், கை நுழையும் அகலத்துக்கு. மழை பெய்தால் தண்ணீர் வரும், பெய்யாவிட்டால் எறும்பு வரும். பாரம்பரியக் குழுக்காரர்கள் வந்து பார்த்தார்கள், தடவினார்கள், பெருமூச்சு விட்டார்கள். "இது போர்த்துகீசியர் காலத்து விரிசல், லால்லா. கை வைக்கக்கூடாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். போர்த்துகீசியர்கள் ஊரைவிட்டுப் போகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பார்கள் என்று சுஹூருக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆத்திரம் பயமாக மாறியிருந்தது. மகள் இஹ்ஸானைப் பெண் கேட்டுக் காசாபிளாங்காவிலிருந்து வருகிறார்கள். பையன் நவ்ஃபல் தங்கமானவன். இஹ்ஸான் அவனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சிக்கல் அவன் அம்மா ஹாஜ்ஜா பதூல். வீட்டில் பளிங்குத் தரை போட்டவள். ஏற்கெனவே இரண்டு இடங்களைத் தட்டிக்கழித்திருக்கிறாள். ஓர் இடத்தில் மாடிப்படி குறுகலாம். இன்னொரு இடத்தில் பெண்ணின் சித்தப்பா சத்தமாகத் தும்மினாராம்.

"இந்தச் சுவத்தப் பாத்தா வந்த வழியே திரும்பிடுவா" என்றாள் சுஹூர்.

"கம்பளத்தத் தொங்கவிடு. யாரு தூக்கிப் பாக்கப்போறா?" என்றான் கணவன் பூஷயிப். படகு மோட்டார் பழுதுபார்க்கிறவன். எந்தப் பழுதுக்கும் முதலில் மேலே ஒன்றை மூடிவைப்பதுதான் அவன் வழக்கம்.

வீட்டில் இருந்ததிலேயே பெரிய சிவப்புக் கம்பளம் விரிசலை மறைத்துத் தொங்கியது. பாதாமும் கோழியும் வைத்து மடித்த பஸ்தில்லா தயார். மணப்பெண் வழக்கப்படி உள்ளறையில். வாசல் கதவை விரியத் திறந்து, வெள்ளித் தட்டில் பாலும் பேரீச்சம்பழமும் ஏந்தி நின்றாள் சுஹூர்.

அன்றைக்கே தலைநகர் ரபாத்திலிருந்து பெரிய இடத்து ஆட்கள் கோட்டையைப் பார்வையிட வருகிறார்கள் என்று வட்டார அதிகாரி ஹம்மாதி தெருத்தெருவாகக் கத்திவிட்டுப் போயிருந்தான். கொடியில் துணி காயக்கூடாது, குடை ஆன்டெனா தெரியக்கூடாது, முடிந்தால் யாரும் இருமக்கூடாது. சுஹூர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவர்கள் மதில்மேல் நடந்து கடலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சந்துக்குள் எதற்கு வரப்போகிறார்கள்?

வந்துவிட்டார்கள். அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் பட்டுக் கஃப்தான் அங்கி உடுத்திய ஒரு பெரிய மனுஷி, பின்னால் சிலர், கேமராவோடு கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன். எங்கே போனாலும் அவர்களைப் பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்துத்தான் வரவேற்பார்கள். கொத்தளத்தில் ஹம்மாதி தட்டோடு காத்திருக்க, அவர்கள் வழிதவறி இங்கே வந்து, தட்டைப் பார்த்ததும் இதுதான் இடம் என்று நின்றுவிட்டார்கள். பட்டையும் கேமராவையும் பார்த்த சுஹூருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்தவர்களைப் பார்த்து 'நீங்கள் யார்' என்று கேட்பதைவிடக் கதவை முகத்தில் அறைவது மேல் என்று வளர்க்கப்பட்டவள் அவள். ஒரு குலவை போட்டு உள்ளே அழைத்தாள்.

"பையன் போட்டோல வேற மாதிரி இருந்தானே" என்று பூஷயிப் முணுமுணுத்தான்.

"போட்டோல எவன்தான் நெசமா இருக்கான்? பஸ்தில்லாவ எடுத்துட்டு வா."

விருந்தாளிகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். பெரிய இடத்துப் பசி சின்னதாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அவர்களுக்குப் பரிமாறிப் பார்த்ததில்லை. பிறகு அந்த அம்மாள் எழுந்து கூடத்தைச் சுற்றிவந்தாள். கம்பளத்தின் முன்னால் நின்றாள். அதைத் தூக்கினாள்.

சுஹூருக்கு உயிரே போய்விட்டது.

"அடடா!" என்றாள் அந்த அம்மாள். "இத ஏன் மறைச்சு வெச்சிருக்கீங்க? எவ்ளோ அழகு! கம்பளத்த எடுத்துடுங்க. இத எல்லாரும் பாக்கணும்."

கேமரா விரிசலை ஐந்தாறு முறை மின்னி எடுத்தது. விரிசலைக் கொஞ்சுகிற சம்பந்தியா! சுஹூருக்குக் கண் நிறைந்துவிட்டது. இவளைப் போயா பொல்லாதவள் என்று சொன்னார்கள்? பூரித்துப்போய் மகளைக் கூப்பிட்டாள்.

இஹ்ஸான் குனிந்த தலையோடு புதினாத் தேநீர் கொண்டுவந்தாள். நிமிர்ந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"யம்மா, யாரு இவங்க?"

"சீ, வாய மூடு! விருந்தாளிங்கள அப்படிக் கேக்கலாமா?"

அதற்குள் இஹ்ஸானின் போன் அடித்தது; கேட்டுவிட்டு அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"இது நவ்ஃபலோட அம்மா இல்லம்மா! அவங்கள ஹம்மாதியோட ஆளு கோட்ட வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கானாம். நவ்ஃபல்தான் போன்ல சொன்னாரு. ரபாத்துப் பெரியவங்க போறவரைக்கும் வெளியூர்க்காரங்க உள்ள வரக்கூடாதாம்."

வெளியே வெயிலில், சீராகக் கொண்டுவந்த கூம்புச் சர்க்கரையையும் மருதாணித் தட்டையும் சுமந்துகொண்டு ஹாஜ்ஜா பதூல். உள்ளே அவளுக்காகச் செய்த பஸ்தில்லாவின் கடைசித் துண்டு ரபாத்துக்காரர் ஒருவரின் வாயில். சுஹூர் அவமானத்தில் குறுகிப்போனாள். ஆனாலும் வந்தவர்களை எழுந்து போகச் சொல்ல அவளால் முடியவில்லை. தேநீரை ஊற்றினாள். அவர்கள் நிதானமாகக் குடித்து, வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

கம்பளத்தைத் திரும்ப மாட்ட நேரமில்லை. ஹாஜ்ஜா பதூல் வாசலில் நின்றாள், வெயிலில் முகம் சிவந்து.

"மூணு தெருவு தள்ளி என்னை நிக்க வெச்சான் ஒருத்தன்! பொண்ணு பாக்க வந்தேன்னு சொல்றேன், டிக்கெட் இருக்கான்னு கேக்கறான்!"

ஹாஜ்ஜா உள்ளே வந்தாள். காலித் தட்டுகளைப் பார்த்தாள். தரையில் கிடந்த கம்பளத்தைப் பார்த்தாள். விரிசலைப் பார்த்தாள், மேலிருந்து கீழ்வரைக்கும். இஹ்ஸான் உள்ளறைக் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோட்ட வாசல்ல கறுப்புக் கார்ல ஏறினாங்களே ஒரு அம்மா," என்றாள் ஹாஜ்ஜா, குரலை இறக்கி. "அங்க நின்ன அதிகாரிகிட்ட ஒரு வீட்டப் பத்தி, சுவத்தப் பத்தி அப்படிப் புகழ்ந்தாங்க. அது இந்த வீடா?"

சுஹூர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பூஷயிப் முந்திக்கொண்டான். "எங்க வீட்லதான் சாப்ட்டாங்க, ஹாஜ்ஜா." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை.

"எங்க உக்காந்தாங்க?"

பூஷயிப் காட்டிய மெத்தையில், நசுங்கிய இடத்தைத் தேடிப்பிடித்து, ஹாஜ்ஜா பதூல் அமர்ந்தாள். அவளுடைய பளிங்குத் தரையைப் பார்க்க ரபாத்திலிருந்து இதுவரை யாரும் வந்ததில்லை. மிச்சமிருந்த ரொட்டியையும் ஆலிவையும் குறைசொல்லாமல் தின்றாள். இஹ்ஸானை நெற்றியில் முத்தமிட்டாள். ஃபாத்திஹா ஓதிச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். உள்ளறையில் இஹ்ஸான் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

கிளம்பும்போது ஹாஜ்ஜா சுவரைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஒரே ஒரு நிபந்தனை, லால்லா சுஹூர். கல்யாணம் இந்தக் கூடத்துலதான். எங்க சொந்தக்காரங்க எல்லாரும் இது முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணும். நல்ல நாளும் பெருநாளுமா வந்துட்டே இருப்போம். அதனால இதப் பூசிகீசித் தொலச்சிடாதீங்க!"

அவர்கள் போன பிறகு சுஹூர் அந்த விரிசலுக்கு எதிரே சரிந்து உட்கார்ந்தாள். மகளுக்கு நல்லபடி அமைந்ததில் மனசு குளிர்ந்திருந்தது, அழுகையும் வந்தது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பூஷயிப் சத்தமில்லாமல் வாளியைக் கொண்டுவந்து சுவருக்குக் கீழே வைத்தான்.

"கவலப்படாத. நாளைக்கே குழுவுக்கு இன்னொரு மனு போட்டுடலாம்" என்றான்.

"போட்டு?" என்றாள் சுஹூர். "இத்தன நாளும் அரசாங்கத்தோட மல்லுக்கட்டினேன். சம்பந்தியோட கட்ட முடியுமா?"