அர்த்தனாரியின் முதுகு

முதல் முறை கேட்டபோது சுமித்ரா, "தெரியலையே கண்ணு" என்றுதான் சொன்னார். கௌசிகாவின் கைப்பேசியில் அந்தக் குரல் பதிவாகியிருந்தது. சேந்தமங்கலத்திலிருந்து மலையேறும் பேருந்தில், வளைவுக்கு வளைவு பக்கத்து இருக்கைக்காரரின் தோளில் சாய்ந்து மன்னிப்புக் கேட்டபடி, அவள் அதை மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த நிசப்தம் வந்தப்போ அப்பா திரும்பி உங்களைப் பாத்தாருங்களா?"

"தெரியலையே கண்ணு."

"முன்வரிசையிலதானுங்களே உக்காந்திருந்தீங்க? பாத்திருக்கலாமில்லீங்களா?"

பதிவில் ஒரு சேவல் கூவுகிறது. யாரோ குடத்தைக் கீழே வைக்கிறார்கள். பிறகு சுமித்ராவின் குரல், சற்றே இறங்கி: "பாத்திருக்கலாம்."

கௌசிகா அந்த இடத்தில் நிறுத்தினாள். ஆறு மாதங்களுக்கு முன் இதே பதிவைக் கேட்டபோது, ஆய்வாளருக்குரிய மகிழ்ச்சி ஒன்று அவளுக்குள் எழுந்திருந்தது. இப்போது கேட்டது தன் குரல் மட்டுமே.

சுமித்ராவின் தந்தை அர்த்தனாரி சேந்தமங்கலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்குப் போய் வயலின் கற்று, திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்து, பின் அங்கேயே பெரும் வாத்தியக் குழுக்களை நடத்தும் இடத்துக்கு உயர்ந்தார். ஐரோப்பிய மேடைகளிலும் அவர் கைக்குச்சியின் அசைவுக்கு வாத்தியக்காரர்கள் இசைத்தார்கள். அவர் தாமே எழுதிய ஒரே இசைப்படைப்பு 'ஏறுவழி'. அதன் முடிவுக்குச் சற்று முன் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். உயர்த்திய கையோடு அவர் அசையாமல் நிற்பார். அரங்கம் தன் மூச்சைத் தானே கேட்கும். பிறகு கை இறங்கும், இசை தொடரும். அந்த நிசப்தத்தைப் பற்றிப் பலர் எழுதியிருந்தார்கள். அது ஒருவரை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் என்பது கௌசிகாவின் வாசிப்பு. யாரை நோக்கி என்பதற்குத்தான் அவளுக்குச் சான்று தேவைப்பட்டது.

இரண்டாம் முறை மலைக்கு வந்தபோது 'பார்த்திருக்கலாம்' என்பது 'பார்த்தார்' ஆகியிருந்தது. அடுத்த முறை, சிறுமியாக அன்று தான் உடுத்தியிருந்த மஞ்சள் பாவாடையை சுமித்ரா விவரித்தார். அப்பாவின் கண்ணில் ஈரம் இருந்ததையும் சொன்னார். கௌசிகா எழுதிக்கொண்டாள். 'திரும்பிய முகம்' என்ற தலைப்பில் ஒரு சிற்றிதழில் கட்டுரை வெளிவந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்தில் அர்த்தனாரியின் படத்திறப்பு விழா. அழைப்பிதழிலேயே அந்தத் தலைப்பை அச்சிட்டிருந்தார்கள். மகள் பேசப்போகிறார்.

நேற்று முன்தினம்தான் ஒளிப்பதிவு வந்து சேர்ந்தது. அர்த்தனாரியின் குழுவில் செல்லோ வாசித்தவரின் மகன், வீட்டுப் பரணில் கிடந்த பழைய படச்சுருளைக் கணினிக்கு மாற்றி அனுப்பியிருந்தார். 'ஏறுவழி'யின் அரங்கேற்றம், சிறுமி சுமித்ரா முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதே இரவு. முரசுக்காரர்களுக்குப் பின்னால் நிறுத்திய கேமரா, பார்வையாளர் எவரும் காணாத ஒன்றைப் பார்த்திருந்தது: அர்த்தனாரியின் முகத்தை. நிசப்தம் வந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது குறிப்புத்தாளைப் பார்த்தார். திரும்பவே இல்லை.

மலைமேல் தேவனூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில், சாலையிலிருந்து இறங்கும் மண்பாதையின் முடிவில் சுமித்ராவின் வீடு. அர்த்தனாரி வாங்கிப்போட்டு, ஒருநாளும் வந்து பார்க்காத மிளகுத் தோட்டம் அது. அவர் இறந்தபின் மகள் வேலையை விட்டுவிட்டு வந்து குடியேறினார். வாசலில் தார்ப்பாய் விரித்து, சென்னம்மாள் மிளகுச் சரங்களைக் காலால் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவர்; பறிப்புக் காலத்தில் இருவரும் மாற்றி மாற்றி உதவிக்கொள்வது வழக்கம்.

"வா கண்ணு, வா. காலையில இருந்து உள்ள ஒரே பேச்சு. கோழியெல்லாம் கேட்டுக் கேட்டு, நாளைக்கு முட்டைக்குப் பதிலா அதுகளும் பேச்சுத்தான் போடும்போல."

கௌசிகா சிரிக்க முயன்றாள்.

"ஏன் சாமி, மூஞ்சி வாடிக் கெடக்குது? பஸ்ஸுல வாந்தி எடுத்தியா?"

"இல்லீங்கம்மா."

"ஒண்ணு சொல்லட்டுமா? அப்பன் திரும்பிப் பாத்த கதைய அந்தம்மா எங்கிட்டச் சொன்னதே இல்ல. இத்தனை வருசமா ஒரே கொடியில ரெண்டு ஏணி போட்டுப் பறிக்கறோம். எப்பப் பாரு அப்பன் முதுகு, அப்பன் முதுகுதான். உனக்குன்னு பொத்தி வெச்சிருந்திருக்குது பாரு. குடுத்து வெச்சவ நீ."

கௌசிகா தோளில் தொங்கிய மடிக்கணினிப் பையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

சுமித்ரா வெளியே வந்தார். அறுபதை நெருங்கும் வயது. விழாவுக்கென்று எடுத்த அரக்குப் புடவையை இன்றே உடுத்திப் பார்த்திருந்தார். "கௌசி, வந்துட்டியா! இதைக் கேளு. இப்படித்தான் ஆரம்பிக்கப்போறேன்." தொண்டையைச் செருமி, மேடைக் குரலுக்கு மாறினார். "உலகத்துக்கெல்லாம் முதுகைக் காட்டி நின்ற என் தந்தை, ஒரே ஒருமுறை எனக்கு முகத்தைக் காட்டினார்." பிறகு சொந்தக் குரலில், "எப்படி?"

"நல்லா இருக்குதுங்கம்மா."

"பாப்பாயி அத்தை போன் பண்ணுச்சு. உன் கட்டுரையப் பேரன் படிச்சுக் காட்டினானாம். 'உங்கொப்பன் உன்னை ஒரு மனுசியாவே நெனைக்கலீன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே, என் வாய்ல மண்ணு உழுக சாமி'ன்னு ஒரே அழுகை. அப்பாவோட கூடப்பொறந்த அத்தை. அது வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வரும்னு நான் நெனைக்கவே இல்ல கண்ணு."

நினைவு என்பதே ஒரு புனைவுதான், அதற்கு மூலப்பிரதி கிடையாது என்று கௌசிகா தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். அந்த வாக்கியம் இப்போது திருடனுக்கு வாய்த்த வக்கீலைப் போல அவளுக்காக வாதாடியது. சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன இழப்பு? ஆனால் ஒளிப்பதிவை அனுப்பியவர் நாளை வேறொருவருக்கும் அனுப்புவார். விழா முடிந்தபின், ஊர் முன்னால் சுமித்ரா பொய்க்காரியாவார். இந்தக் காரணம் உண்மைதான். ஆயினும் தன் சுமையை இறக்கிவைக்கும் அவசரமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"அம்மா, பேசறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு கேக்கணுங்க."

முதல் நாள் பதிவை இயக்கினாள். சுமித்ரா முதலில் சிரித்தார். "என் குரலா இது? ஆம்பளையாட்டம் இருக்குது!" சேவல் கூவியது. "நம்ம செவலைச் சேவல். பொங்கலுக்கு அடிச்சமே." பிறகு 'பாத்திருக்கலாம்' வந்தது. அவர் முகம் மெல்ல அசைவற்றுப் போனது.

"மறுபடியும் போடு."

போட்டாள். அது முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து ஒளிப்பதிவையும் காட்டினாள்.

சுமித்ரா திரையை நோக்கிக் குனிந்தார். இசை நடத்தும்போது தன் தந்தையின் முகத்தை அவர் கண்டது அதுவே முதல் முறை. கீழுதட்டைக் கடிப்பதும், ஹார்ன் ஊதுபவர்களை நோக்கிப் புருவம் தூக்குவதும், யாரோ பிசகியபோது ஒரு கணம் முகம் சுளிப்பதுமாக இருந்த அந்த மனிதரை, அவர் அறிமுகமில்லாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நிசப்தம் வந்தது. கண்கள் மூடின, திறந்தன, தாளை நோக்கின. கை இறங்கியது.

"மஞ்சப் பாவாடை?" என்றார் சுமித்ரா.

"நீங்க சொன்னதுங்கம்மா."

"என்ன நிறம்னு நீ கேட்டியா?"

"கேட்டனுங்க."

"கண்ணுல ஈரம்?"

கௌசிகா தலைகுனிந்தாள். "'கண் கலங்கியிருந்ததுங்களா'ன்னு நான்தான் கேட்டேன். தப்பு என்னுதுங்கம்மா. முழுக்க என்னுது. வேணும்னு செய்யலீங்க. என் கட்டுரைக்கு எது வேணுமோ அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கேன். நீங்க பாவம், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கீங்க."

"நான் பாவமா?"

"அப்படிச் சொல்லலீங்க..."

"குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டுப் போகவா இவ்வளவு தூரம் மலையேறி வந்தே?"

தார்ப்பாயில் சென்னம்மாளின் கால்கள் நின்றன.

"மேடையில நானே சொல்லிடறேனுங்க. இதழுக்கும் மறுப்பு எழுதி அனுப்பறேன்."

"எழுதுவே. எழுதறது உனக்கு வேலை. தப்பா எழுதினாலும் வேலை, தப்புன்னு எழுதினாலும் வேலை. அத்தைக்குப் போன் பண்ணி நான் என்ன சொல்லட்டும்? அழுத கண்ணீரைத் திருப்பி எடுத்துக்க அத்தைன்னா?"

சுமித்ரா எழுந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது பழைய நூல்சேலையில் இருந்தார். தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சரத்தை எடுத்து விரல்களால் உருவினார். பச்சை மிளகு உதிர்ந்து ஓடியது.

"கதவு நிலையில தட்டி எழுப்புவாரே," என்றார் திடீரென்று. "பள்ளிக்கூடத்துக்கு. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். குச்சியால மெல்ல ரெண்டு தட்டு. அது யார் சொன்னது?"

அது முதல் நாள் தேநீரின்போது, பதிவைத் தொடங்கும் முன், வந்த பேச்சு. அப்பா உங்களை எப்படி எழுப்புவார் என்று மட்டும்தான் கேட்டாளா, குச்சியைத் தானே நினைவூட்டினாளா? எவ்வளவு துழாவியும் மனத்தில் அந்தத் தேநீரின் சூடு மட்டுமே மிஞ்சியது.

"பதிவுல இல்லீங்கம்மா."

"உனக்கு ஞாபகம் இருக்குமில்ல. நானாச் சொன்னதா? நீ கேட்டு வந்ததா?"

'நீங்களாகத்தான் சொன்னீர்கள்.' நாக்கின் நுனியில் இருந்தது அந்த வாக்கியம். ஒரு கேள்வியால் ஒரு தந்தையின் பார்வையை உண்டாக்கியவளுக்கு, ஒரு பதிலால் அவருடைய குச்சியின் ஓசையைக் காப்பாற்றித் தருவது எளிது. இரக்கம் என்றே அதற்குப் பெயரிடலாம். முதல் பொய்க்கும் அவள் ஏதோ ஒரு நல்ல பெயரைத்தான் வைத்திருந்தாள்.

"தெரியலீங்கம்மா," என்றாள். ஆறு மாதங்களுக்கு முன் சுமித்ரா சொன்ன அதே சொல்.

சுமித்ரா திரும்பி, "சென்னம்மா, உங்கிட்டச் சொல்லியிருக்கேனா, கதவு தட்டுனதை?" என்று கேட்டார்.

சென்னம்மாள் சங்கடத்தோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எத்தனையோ சொல்லுவீங்க. நான் ஏணி மேல நிக்கறப்பப் பாதி காத்தோட போயிரும். சொல்லியிருப்பீங்க. சொல்லாமயும் இருந்திருப்பீங்க. எனக்கு உங்கப்பன் முதுகு வேர்வைக் கதைதானுங்க தெரியும்."

வேர்வைக் கதை. முதல் நாள் பதிவில் அது நெடுநேரம் ஓடியது. 'அவர் முகம் எனக்கு அவ்வளவாத் தெரியாது கண்ணு, முதுகுதான் தெரியும்' என்று தொடங்கி, சுமித்ரா தானாகவே பேசிக்கொண்டு போனார். அதற்கிடையில் கௌசிகாவின் கேள்வி ஒன்றுகூட இல்லை. எழுத்தில் பெயர்த்தபோது அந்தப் பகுதியை 'தேவையில்லை' என்று குறித்து அவள் தாண்டிப் போயிருந்தாள். கட்டுரைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அதையே பேசறேன்," என்றார் சுமித்ரா. "வேற என்ன இருக்குது எங்கிட்ட? மிசினைப் போடு. ஒருதடவை சொல்லிப் பாக்கறேன்."

கௌசிகா கைப்பேசியை மிளகுக்கு நடுவே வைத்தாள். எழுந்த கேள்விகள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்தாள்.

சுமித்ரா சிறிது நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பழக்கம் அது, கேள்வி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தானே தொடங்கினார்.

"கோட்டு நனையறதை வெச்சே எனக்குத் தெரிஞ்சிரும். வாசிப்பு நல்லாப் போச்சுன்னா வேர்வை மெதுவா இறங்கும், முதுகெலும்போட. யாராச்சும் சொதப்பினா ஒரேயடியாப் பரவிரும். அன்னிக்கு ஊட்டுக்கு வந்தா யாரும் அவர்கிட்டப் போகக்கூடாதுன்னு, அம்மாவுக்கு நான்தான் முன்கூட்டியே சொல்லுவேன். அந்த நிசப்தம் வந்தப்பவும் நான் முதுகைத்தான் பாத்திட்டிருந்தேன். அது மூச்சு விடறதை நிறுத்திருச்சு. நானும் நிறுத்திட்டேன். அவர் விட்டப்பறம்தான் நான் விட்டேன்."

சென்னம்மாளின் கால்கள் மறுபடி மிளகின் மேல் நடக்கத் தொடங்கின. கௌசிகா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேர்வை எப்பவும் ஒரே எடத்துலதான் ஆரம்பிக்கும். குச்சி பிடிக்கற பக்கம். வலது தோளுக்குக் கீழ..."

நிறுத்தினார். கையில் இருந்த சரத்தைப் பார்த்தார். அந்த முதுகை உலகில் வேறெவரையும்விட நன்றாக அறிந்த அந்தப் பெண், நிமிர்ந்து கௌசிகாவைப் பார்த்தார்.

"வலதுதானே கண்ணு?"

தலையசைத்தால் அந்த நினைவும் தன்னுடையதாகிவிடும் என்று கௌசிகாவுக்குத் தெரியும். அவள் அசையாமல் இருந்தாள். சுமித்ராவின் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.