சைக்கிள் வழுக்குமாம்

போபோடி என்னும் நகர்ப்பகுதியில் கிரிஜாவின் வீட்டுக்கு எதிரே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாலைக்கே கூரைபோல் நின்றது. மழைக்காலத்தில் கொக்குகள் அதில் கூடு கட்டும். இந்த ஆண்டு குஞ்சுகளுக்கு இறகு முளைத்துக்கொண்டிருந்தபோது, சர்வதேச சைக்கிள் பந்தயம் அந்த வழியாக வரப்போவதாக அறிவித்தார்கள்.

வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கிரிஜா ரம்பச் சத்தம் கேட்டுக் கீழே ஓடினாள். கிளைகள் விழத் தொடங்கியிருந்தன. அங்கே நின்ற மேற்பார்வையாளரிடம் இந்தியில் கேட்டாள்.

"ரோடெல்லாம் கொக்கு எச்சம், மேடம். சைக்கிள் வழுக்கும். வெட்டச் சொல்லி ஆர்டர்."

"ரோட்டைக் கழுவுங்க. குஞ்சுங்க பறக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"ஞாயித்துக்கிழமை பந்தயம். கொக்குக்காகத் தள்ளி வைப்பாங்களா?"

வார்டு ஆபீசுக்குப் போன் செய்தாள். பந்தயம் நடத்துபவர்களைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் வார்டு ஆபீசைக் கேட்கச் சொன்னார்கள். அதற்குள் மரம் மொட்டையாகிவிட்டது.

கணவன் ராம்கி துணிக்கூடையை எடுத்து வந்தான். இலைக்குவியலைக் கிளறி, உயிரோடிருந்த குஞ்சுகளை இருவரும் பொறுக்கினார்கள். பறவை மீட்பு மையத்துக்கு ஆட்டோவில் போகும் வழியிலேயே பாதி செத்துப்போயின.

"நம்மால முடிஞ்சதைச் செஞ்சோம், கிரி."

"என்ன செஞ்சோம்? விழுந்ததைப் பொறுக்கினோம்."

ஞாயிறன்று கொட்டும் மழை. குடையும் கொடியுமாகச் சாலையோரம் கூட்டம் நின்றது. சாலையில் தண்ணீர் தேங்கியதால் பந்தயம் வேறு வழியாகப் போகும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கூட்டம் காகிதக் கோப்பைகளை அங்கேயே போட்டுவிட்டுக் கலைந்தது.

"இந்தப் பக்கமே வரலியாம்" என்றான் ராம்கி.

கிரிஜா பால்கனிக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

சில வாரங்கள் கழித்து மீட்பு மையத்து ஊழியர் கூப்பிட்டார். "மிச்சம் இருந்த குஞ்சுங்க தேறிடுச்சு. எடுத்த இடத்துலயே விடறதுதான் வழக்கம். எப்ப கொண்டு வரட்டும்?"

"இங்க விடறதுக்கு மரத்துல கிளையே இல்ல. ஆத்தங்கரையில எங்கயாவது பாருங்க. நானும் வரேன்."

வங்கிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். பெட்டியைத் திறந்ததும் கொக்குகள் தயங்கி வெளியே வந்தன. பிறகு ஒவ்வொன்றாக எழும்பி, எதிர்க்கரைக் கருவேலமரத்தில் போய் உட்கார்ந்தன. ஊழியர் கைதட்டினார்.

கிரிஜாவுக்குத் தட்டத் தோன்றவில்லை.